நெரிப்பாறையில் மாட்டிய ராசா

முன்னொரு காலத்தில் மலையரண் நாட்டைக் கீர்த்திவாகன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மத்தியானம் அதை மாற்றுவான். ஒரே ஒரு சட்டத்தைத்தான் மூன்று மாதமாக மாற்றவில்லை. அந்தச் சட்டத்தால் நெரிப்பாறை ஊரே நடுங்கிக் கிடந்தது.

நெரிப்பாறை நடுக்காட்டில் இருக்கும் சின்ன ஊர். யானைக்கூட்டம் படுத்துக் கிடப்பது போலச் சுற்றிலும் பாறைகள். அதில் இரண்டு பெரும்பாறைகள் ஒட்டினாற்போல நிற்கும். நடுவே, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு இருட்டான இடுக்கு. அதைத் தாண்டினால் குகைநாதர் சந்நிதி. "பாவம் செய்தவனைப் பாறை பிடித்துக்கொள்ளும்" என்று யாத்திரைக்காரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே நுழைவார்கள். விளக்கைப் பிடித்து முன்னால் நடப்பது ஊர்க்காரி வெள்ளைச்சியின் வேலை. யாராவது திணறினால், "மூச்சை வெளிய விடுங்க சாமி, உடம்பு தானா நழுவும்" என்பாள்.

பாறை பாவியைப் பிடிக்கும் என்ற பேச்சு அரண்மனைப் பிரதானி உத்தண்டர் காதில் விழுந்தது. வழக்குகளை விசாரித்துக் கிழமந்திரி நல்ல பேர் எடுப்பதில் அவருக்கு வயிற்றெரிச்சல்.

"அரசே, சாட்சி எதற்கு, விசாரணை எதற்கு? குற்றவாளியை அந்த இடுக்கில் விடுவோம். தாண்டினால் விடுதலை. மாட்டினால் தலை போகட்டும். தெய்வத்தைவிட மந்திரி பெரியவரா?"

ராசாவுக்கு அது பிடித்துப்போயிற்று. மந்திரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மூன்று மாதத்தில் நான்கு பேர் மாட்டினார்கள். நான்கு பேரையும் கயிறு கட்டி வெளியே இழுத்துக் கொன்றார்கள். அவர்களுக்கு முன்னால் விளக்கோடு போனவள் வெள்ளைச்சிதான். "உள்ளே நீ வாயைத் திறந்தால் உன் தலையும் போகும்" என்று உத்தண்டர் சொல்லியிருந்தார். அவள் திறக்கவில்லை. "அக்கா, அக்கா" என்று அவர்கள் கூப்பிட்ட குரல் மட்டும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கேட்டது.

ஐந்தாவதாக அவள் புருஷன் மாதனையே பிடித்து வந்தார்கள். அரசனின் காட்டில் சந்தனமரம் வெட்டினானாம். மாதன் தேன் எடுக்கிறவன், அகன்ற மார்புக்காரன். அந்த இடுக்கில் நூறு தடவை போய் வந்தவன்தான். ஆனால் இப்போது முகம் வெளிறி, மார்பு ஏறி இறங்க நின்றான். இவன் மாட்டத்தான் போகிறான் என்று வெள்ளைச்சிக்குத் தெரிந்துவிட்டது.

வேடிக்கை பார்க்க ராசாவே வந்திருந்தான். வெள்ளைச்சி அவன் காலடியில் விழுந்தாள்.

"மவராசா, குத்தவாளிங்களையே உள்ள விட்டு விட்டு வாசல் தீட்டாயிப்போச்சு. பாவமே அறியாத ஒருத்தர் முதல்ல போயி வந்தா பாறை தெளிவா தீர்ப்புச் சொல்லும். உங்களைவிட்டா இந்த நாட்டுல யாரு இருக்கா?"

உத்தண்டர் துள்ளினார். "அரசரையே சோதிக்கிறாயா? கூடவே கூடாது!"

"ஏன் கூடாதுங்க? ராசா மாட்டிக்குவாருன்னு ஐயா பயப்படுறாரோ?"

ராசா உத்தண்டரைத் திரும்பிப் பார்த்தான். ராசா மேலாடையைக் கழற்றி எறிந்தான்.

"விளக்கை எடு."

வெள்ளைச்சி முன்னால் நுழைந்தாள். ராசாவுக்கு உள்ளே ஏதாவது ஆனால் ஊரையே கொளுத்திவிடுவார்கள். பத்தடி போனதும் பின்னால் காலடிச் சத்தம் நின்றது.

"ஏய்... நகர முடியவில்லை."

அவன் திமிறினான். திமிறத் திமிறப் பாறை இறுக்கியது. வெளியேயிருந்து உத்தண்டர் குரல் கேட்டது. "நாழிகை ஆகிறது. கயிற்றை எடுத்து வையடா. யாராயிருந்தாலும் சட்டம் சட்டம்தான்."

ராசாவின் முகத்தில் வியர்வை கொட்டியது. "பெண்ணே, நான் பாவியா? சொல்லடி, நான் பாவியா?"

இந்தத் தடவை வெள்ளைச்சி வாயைத் திறந்தாள். "பாறைக்குப் பாவம் புண்ணியம் தெரியாது சாமி. பயந்தவனுக்கு நெஞ்சு விம்மும். விம்மினா மாட்டும். மூச்சை முழுசா விடுங்க... இன்னும்... இப்ப என் பக்கம் சாயுங்க."

ராசா நழுவிச் சந்நிதியில் வந்து விழுந்தான். எழுந்து உட்கார்ந்தான். பிறகு கேட்டான்: "அப்படியானால் அந்த நான்கு பேர்?"

"அவங்களும் பயந்துதான் போனாங்க. நானும் பயந்துதான் சொல்லாம இருந்துட்டேன்."

ராசா அதே வழியாக வெளியே வந்ததும் உத்தண்டர் கையைத் தட்டினார். "பாவமற்றவர் என்று பாறையே சொல்லிவிட்டது!"

"சட்டம் எல்லோருக்கும்தானே? நீரும் போய் வாரும்."

உத்தண்டர் குச்சி போல ஒல்லி. ஆனாலும் ராசாவின் பார்வையே அவர் நெஞ்சைப் பதறவைத்தது. ஐந்தடியில் மாட்டிக்கொண்டார்.

"பிரதானி, கயிற்றை எடுக்கச் சொல்லட்டுமா?"

"ஐயோ வேண்டாம் அரசே! இந்தக் கல்லுக்கு என்ன தெரியும்? சாட்சியைக் கேளுங்கள்! என்னை விசாரியுங்கள்!"

அந்தச் சொல் காடெங்கும் எதிரொலித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. வெள்ளைச்சிதான் உள்ளே போய் அவரை வெளியே கொண்டுவந்தாள்.

உத்தண்டரின் பதவி அன்றே பறிபோயிற்று. கிழமந்திரி திரும்பி வந்து விசாரித்தார். மரம் வெட்டப்பட்ட அன்று மாதன் பக்கத்து மலையில் தேன் எடுத்துக்கொண்டிருந்ததை ஏழு பேர் சொன்னார்கள். அவன் வீட்டுக்கு வந்தான்.

"உனக்கு என்ன வேண்டும்? கேள்" என்று வெள்ளைச்சியிடம் சொன்னான் ராசா.

"அந்த நாலு வீட்டுக்கும் நீங்களே போகணும் சாமி. நானும் வர்றேன்."

ராசா பல்லக்கில்லாமல் நடந்தே போனான். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "விசாரிக்காமல் கொன்றேன். குற்றம் என்னுடையது" என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். பக்கத்தில் வெள்ளைச்சி தலைகுனிந்து நின்றாள். மூன்று வீட்டில் கதவு திறந்தது. நான்காவது வீட்டு வாசலில் பொழுது சாயும்வரை இருவரும் நின்றார்கள். கதவு திறக்கவே இல்லை.