சிவப்பு விளக்கு

வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மிஷின் செய்கிற கம்பெனி அது, கோயம்புத்தூரில். மிஷினோடு போகிற கையேடுகளை எழுதும் பிரிவுக்கு ஸ்டெல்லா தலைமை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அவரிடம் தொழில் கற்க வந்தவர் குலசேகரன். சீடர்தான் குருவைவிட வயதில் மூத்தவர்.

மாலையில் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் கடைசிப் பக்கச் சொல்லடைவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார் குலசேகரன். முகத்தில் எரிச்சல்.

"இத்துனூண்டு புத்தகத்துக்கு இது எதுக்குங்க மேடம்? புரட்டினாலே கிடைச்சிருமே."

ஸ்டெல்லா தாளைப் பார்த்தார். "எப்படிச் செஞ்சீங்க?"

"உள்ளே இருக்கிற தலைப்பையெல்லாம் எடுத்து அகரவரிசைல அடுக்கிட்டேனுங்க."

ஸ்டெல்லா பதில் சொல்வதற்குள் குலசேகரனின் போன் அடித்தது. மனைவி மரகதம். குலசேகரனின் அப்பாவுக்கு நுரையீரல் சரியில்லை. போன வாரம் ஒரு மிஷினும், நேற்று இந்தச் சொல்லடைவு சேர்த்த கையேட்டின் மாதிரிப் பிரதியும் வீட்டுக்குப் போயிருந்தன.

"ஏனுங்க, மிஷின் கத்துதுங்க. சிவப்பு லைட்டு எரியுது. மாமாவுக்கு மூச்சு வாங்குது. புத்தகத்துல ஒண்ணுமே இல்லீங்க."

போனுக்குள் அந்தச் சத்தம் கேட்டது.

"குழாய் மடங்கியிருக்கா பாரு. மூக்குல இருந்து மிஷின் வரைக்கும் தடவிக்கிட்டே போ."

சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்பா இருமினார். பிறகு இருமலும் கேட்கவில்லை. "மரகதம்," என்றார் குலசேகரன். மறுபடியும் கூப்பிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் நின்றது.

"கட்டில் கால்ல மாட்டியிருந்துச்சுங்க. எடுத்துவிட்டுட்டேன். மாமா கண்ணைத் திறந்து பார்க்கிறாரு. மூச்சு சீராயிருச்சு."

குலசேகரன் உட்கார்ந்துவிட்டார். போனை ஸ்டெல்லா கேட்டு வாங்கினார்.

"அக்கா, பக்கத்துலயே இருங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடைசிப் பக்கத்துல என்ன தேடினீங்க?"

"சத்தம்னு தேடினேன் கண்ணு. இல்லை. சிவப்பு பார்த்தேன், லைட்டு பார்த்தேன். மூச்சுன்னுகூடப் பார்த்தேன். அப்புறம் புரட்டினேன். அந்தப் பதட்டத்துல எழுத்தே கண்ணுல படலை."

சொன்னதையெல்லாம் ஸ்டெல்லா அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

குலசேகரன் நெற்றியைத் துடைத்தார்.

"குழாய்ல ஆக்சிஜன் ஓட்டம் குறைஞ்சா என்ன செய்யணும்ங்கிறது உள்ளே இருக்குதுங்க மேடம். சொல்லடைவுலயும் போட்டிருக்கேன். குறை ஓட்ட எச்சரிக்கைன்னு, இதோ பாருங்க."

"பார்த்தேன்."

"சத்தம், சிவப்புங்கிற சொல்லெல்லாம் புத்தகத்துல ஒரு இடத்துலயும் வரலீங்களே. வராத சொல்லை எப்படிங்க போடறது?"

ஸ்டெல்லா பேனாவை மூடி, ஓரத்தில் எழுதிய அந்தத் தாளோடு அவர் பக்கம் தள்ளினார்.

"அக்கா உங்களைக் கூப்பிட்டாங்க. மத்த வீட்டுல யாரைக் கூப்பிடுவாங்க சார்?"