மஞ்சள் காலும் சுத்த ரத்தமும்

மலையடிவாரக் காட்டில் காட்டுக்கோழிகள் எல்லாம் ஒரே மருதமரத்தில்தான் அடையும். பொழுது சாய்ந்ததும் ஒரு கிளையில் நெருக்கி உட்காரும். ஓரத்தில் இருக்கிற கோழி காட்டுப்பூனையைக் கண்டால் கத்தும். உடனே எல்லாம் பறந்து தப்பும்.

அங்கே வெள்ளச்சி என்று ஒரு பெட்டைக்கோழி. காற்றடித்தாலும் கவலைப்படுவாள், அடிக்காவிட்டாலும் கவலைப்படுவாள். இப்போது புதுக் கவலை. அவள் குஞ்சின் கால் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

தலைவன் கொண்டையன் அதைப் பார்த்துவிட்டான். "மஞ்சள் கால் ஊர்க்கோழி அடையாளம். இது கலப்பு. இந்தக் கிளை சுத்தமான காட்டுக்கோழிக்கு மட்டும்தான்."

"இப்பத்தான் கிளை ஏறப் பழகியிருக்கு அண்ணே. கீழே படுத்தா பூனை கொண்டுபோயிடும்."

"அது பூனை பாடு, குஞ்சு பாடு."

இறகின் அடியைப் பார்த்து முன்னோர் யார் என்று சொல்வதில் ஆந்தை பெயர் பெற்றது. எல்லாரையும் சோதிக்கச் சொல்லி அதைக் கொண்டையன் அழைத்தான். கோழிகள் ஆளுக்கோர் இறகைப் பிடுங்கிக் கொடுத்தன. ஆந்தை கண்ணை உருட்டிப் பார்த்தது.

"எல்லாத்துலயும் கலப்பு இருக்கு."

"ஊரிலிருந்து ஒட்டிய கறைதானே?" என்றான் கொண்டையன்.

"மஞ்சள் ஊரிலிருந்து இங்கே வந்திருக்கலாம். இங்கிருந்து ஊருக்கும் போயிருக்கலாம். கலந்தாங்கன்னுதான் இறகு சொல்லும். யார் ஒசத்தின்னு சொல்லாது."

"முதல் பேச்சு போதும். பின்பேச்சு வேண்டாம். எல்லாரும் இறங்குங்க."

"உங்க இறகு?" என்றது ஆந்தை.

"சோதிக்கச் சொன்னவனையே சோதிப்பீங்களா?"

"மரத்தடியில ஒண்ணு கிடந்தது. பார்த்தேன். அதுலயும்..."

"அது என் இறகே இல்லை."

கோழிகள் பக்கத்து இலந்தைப் புதருக்குப் போயின. முள் குத்தியது. ஆனாலும் குஞ்சை நடுவில் வைத்து நெருக்கி உட்கார்ந்தன. வெள்ளச்சி ஓரத்தில் காவல். அன்று அவளுக்குக் கண்ணே மூடவில்லை.

மருதமரத்தில் இரண்டு கண்கள் ஏறுவதைப் பார்த்தாள். நம் குஞ்சை விரட்டினவன்தானே, வாயை மூடிக்கொண்டிருப்போமா என்று ஒரு கணம் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"அண்ணே, பூனை ஏறுது! பறந்துடுங்க!"

முழுக் கிளையிலும் தனியாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கொண்டையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கலப்புக் குரலுக்கெல்லாம் சுத்தமான காட்டுக்கோழி எழுந்திருக்காது" என்றான். அதுதான் அவன் கடைசிப் பேச்சு.

விடிந்தபோது மரத்தடியில் இறகுகள் சிதறிக் கிடந்தன. பூனை மீசையை நக்கிக்கொண்டே புதரைக் கடந்து போனது.

"சுத்தம் சுத்தம்னு சொன்னானேன்னு ஆசையா தின்னேன்" என்றது. "ருசியில ஒரு வித்தியாசமும் தெரியல."

அன்று மாலை வெள்ளச்சி குஞ்சோடு பழைய கிளைக்கே ஏறினாள். பின்னாலேயே மற்றவையும் ஏறின.

ரத்தத்தைச் சோதித்துக் கூட இருப்பவர்களை விரட்டுகிறவன், ஆபத்தில் உதவ வரும் குரலையும் தானே விரட்டிவிடுகிறான்.