படமில்லாத பேய்

கோவையில் வீடியோ கேம் கம்பெனி நடத்திய தேவசகாயம், பேயின் தோல்சுருக்கம்வரை காட்டும் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் ஆட்டத்தில் பயமே வராது என்பார். புதிதாகச் சேர்ந்த அல்லி, “வரும் சார்,” என்றாள்.

“அப்போ படமே இல்லாம என்னைப் பயமுறுத்து. முடியலைன்னா வேலைக்கு வராதே.”

மறுநாள் மதியம் அவரைத் தனியறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு வெளியே போனாள். திரை முழுக்கக் கறுப்பு. காதில் யாரோ மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அது மெல்ல அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. திரையில் ஒரு வரி தோன்றியது: ‘திரும்பினால் தோற்றீர்கள்.’

வெகுநேரமாகியும் அவர் வரவில்லை. எல்லோரும் போய்க் கதவைத் திறந்தார்கள். அவர் வியர்த்து, விறைத்து உட்கார்ந்திருந்தார்.

“சார், நான்தான் அல்லி,” என்று பின்னாலிருந்து உரக்கச் சொன்னாள்.

“நீதான்னா முன்னால வந்து நில்லு,” என்றார், திரும்பாமலே.