மிஷினுக்கு வேண்டியிருந்த முத்திரை

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரே கடையை நடுவில் பிளைவுட் அடித்து இரண்டாக்கியிருந்த சமயம். அந்தப் பக்கம் காய்கறிக் கடை, இந்தப் பக்கம் பியூட்டி பார்லர். அங்கே ஓர் எலக்ட்ரானிக் தராசு. இங்கே முடி நீக்க வந்திருந்த புது லேசர் மிஷின். பலகைக்கு இரண்டு பக்கமும் முதுகைச் சாய்த்துக்கொண்டு இரண்டும் ஊர்க்கதை பேசும். நம்பாதவர்கள் பலகையில் காதை வைத்துப் பார்த்திருக்கலாம்.

அன்று காலை தராசு ஒரே பவிசில் இருந்தது.

"எடை சரின்னு வருஷ முத்திரை போட்டாச்சு தம்பி! ஆபீசர் எடைக்கல்லை வெச்சு, எடுத்து, மறுபடி வெச்சு, ஒரு மணி நேரம் பாடாப் படுத்திட்டாரு."

"எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு?"

"நான் தப்பினா அம்பது கிராம் கத்தரிக்காய் குறைஞ்சுபோகுமே! அது சரி, ஒனக்கு யாரு முத்திரை போட்டா?"

மிஷின் யோசித்தது. "யாரும் வரலையே."

"நீ தப்பினா என்ன போகும்?"

"தோல்," என்றது மிஷின், குரல் இறங்கி. "எனக்குக் கண் கிடையாது அண்ணாச்சி. கருப்பு எங்கேன்னு தேடித் தேடிச் சுடத்தான் தெரியும். முடியும் கருப்பு, தோலும் கருப்புன்னா நான் எதைன்னு கண்டேன்? வெள்ளைத் தோலுக்கு வெச்ச சூட்டு நம்பர் இன்னும் என் நெத்தியிலே அப்படியே நிக்குது."

அந்த நம்பரை டெமோ காட்ட வந்த கம்பெனிக்காரர் வைத்தார். பார்லர்க்காரி பிளாரன்ஸ் நல்லவள்தான். ரெண்டு நாள் கிளாஸுக்குப் போய் சர்டிபிகேட்டும் வாங்கியிருந்தாள். ஆனால் பெரிய மனுசன் வைத்த நம்பரைத் தொட்டால் மிஷின் கெட்டுப்போகும் என்று நம்பினாள்.

முதல் ஆளாக இசக்கியம்மாள் வந்தாள். நல்ல கருத்த முகம், மேலுதட்டில் பூனைமுடி. ஜவுளிக்கடையில் கூட வேலைபார்க்கிற பயல்கள் 'மீசைக்காரி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் கைக்குட்டையை வாயிலிருந்து எடுப்பதே இல்லை.

"வலிக்குமாக்கா?"

"ரப்பர் பேண்டு சுண்டுன மாதிரிதான் இருக்கும், படு."

இசக்கி கண்ணில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தாள். மிஷின் பலகைப் பக்கம் குசுகுசுத்தது.

"அண்ணாச்சி, என்ன செய்வேன்?"

"நான் நிறுக்கும் முன்னே சைபர் காட்டுவேன். நீயும் முதல்ல வேற எங்கேயாவது சின்னதாச் சுட்டுப் பாரேன்டே!"

பிளாரன்ஸ் உதட்டருகே வைத்து அழுத்தினாள். மிஷின் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒன்றும் வரவில்லை. திரும்ப அழுத்தினாள். ஊஹூம்.

"முதல் ஆளுக்கே மக்கர் பண்ணுதே, சனியன்!" என்று மிஷினைத் தட்டினாள். அப்புறம், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று தன் மணிக்கட்டிலேயே வைத்து அழுத்தினாள்.

மிஷின் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது.

"யேசுவே!"

ஊதுபத்தியால் சுட்டதுபோல, மணிக்கட்டில் வட்டமாக ஒரு கொப்புளம் எழும்பியது. பிளாரன்ஸ் அதைப் பார்த்தாள். கண்ணை மூடிக் கிடந்த இசக்கியின் முகத்தைப் பார்த்தாள். மணிக்கட்டும் முகமும் ஒரே நிறம்.

பிளக்கைப் பிடுங்கினாள். "எந்திரி தங்கச்சி. தோல் டாக்டர்கிட்டப் போ. நானும் இதைச் சரியாப் படிக்கணும்."

"அப்போ என் மீசை?"

"மீசை இருந்துட்டுப் போகட்டும். மூஞ்சி தப்பிச்சுதுல்ல!"

இசக்கி முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினாள். பலகைக்கு அப்பாலிருந்து தராசு குசுகுசுத்தது. "என்ன தம்பி, முத்திரை விழுந்துட்டா?"

"விழுந்துட்டு அண்ணாச்சி," என்றது மிஷின். "அக்கா மணிக்கட்டிலே."