கேட்டு, பிளேட்டு, ரேட்டு

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. இந்தக் கதையில் ஒரு இடத்தில் சத்தமே கிடையாது. அப்போது என் வாயைப் பார்த்தால்தான் கதை புரியும்.

உடுமலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. காது கேட்காத பிள்ளைகள் படிக்கும் இடம். நீளமாக ஒரே அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. பிள்ளைகள் டீச்சரின் வாயைப் பார்ப்பார்கள், அப்புறம் கண்ணாடியில் தங்கள் வாயைப் பார்ப்பார்கள். அப்படித்தான் அங்கே பேச்சு படிப்பது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்து படிக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் சொல்லித்தர ஆள் வேண்டுமே.

அதனால் அங்கே சீடர்கள் எல்லாம் வயசில் மூத்தவர்கள். குரு சின்னவர். ஜெசிந்தா டீச்சர் என்று பேர். அதட்டிப் பேச மாட்டார். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லவும் மாட்டார்.

அந்தச் சீடர்களில் ஒருவர் நாச்சிமுத்து. அம்மாக்களுக்கு நடுவில் அவர் ஒருத்தர்தான் ஆம்பிளை. அவர் சம்சாரத்துக்கு நூல் மில்லில் பகல் ஷிப்ட்.

நாச்சிமுத்துவின் முகம் ஊரில் நிறையப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியும். தெருவில் சாமான் விற்கும் வண்டிகளில் ஸ்பீக்கர் கட்டி ஒரு குரல் கூப்பிடுமே, அந்தப் பக்கத்தில் அது அவர் குரல். உப்பு வண்டி, கோலமாவு வண்டி, பழைய இரும்பு வண்டி, எல்லாவற்றுக்கும் அவரே வரி கட்டிப் பேசி ரெக்கார்டு பண்ணிக் கொடுப்பார். வரிக்கு வரி கடைசி வார்த்தை ஒரே மாதிரி வந்து விழும். ஒரு தடவை காதில் விழுந்தால் சமையல் முடிகிற வரைக்கும் வாயை விட்டுப் போகாது.

அவருக்கு ஒரே பெண், மிதுனா. இன்னும் பால் பல் விழாத வயசு. காது மெஷின் மாட்டியும் ஒன்றும் எட்டவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் அங்கே ரைம்ஸ். பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் முதலில் இங்கிலீஷ் ரைம்ஸ்தானே சொல்லச் சொல்கிறார்கள். டீச்சர் மேஜை மேல் பொம்மைகளைப் பரப்பி வைத்திருந்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியாது, காதில் விழுந்தபடி சொல்கிறேன். கோழிப் பொம்மை, அது ஹென். பேனா, அது பென். கார். ஊறுகாய் ஜார். ஜிகினாத் தாளில் வெட்டின ஸ்டார்.

பக்கத்தில் ரெண்டு தட்டு. முடிகிற சத்தம் எதெதற்கு ஒன்றோ, அதெல்லாம் ஒரே தட்டு. ஹென்னும் பென்னும் ஒரு குடும்பம். கார், ஜார், ஸ்டார் ஒரு குடும்பம்.

டீச்சர் வாயைக் காட்டிக் காட்டிச் சொன்னார். மிதுனா கோழியை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். கார் மேல் ஏற்றி உட்கார வைத்து, உருட்டி விட்டாள்.

அம்மாக்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"இங்கிலீஷ் படிக்கட்டும், வேண்டாங்கலை. கோழின்னா ஹென்னு, சரி. பேனான்னா பென்னு, அதுவும் சரி. ரெண்டும் ஒண்ணாட்டம் முடியுதுன்னு இவளுக்கு எதுக்குங்க?"

டீச்சர் உருண்டு வந்த காரைப் பிடித்து நிறுத்தினார்.

"அது காதுக்குள்ள இருக்குற ருசிங்க. நான் அதை வெச்சுத்தான் சோறு திங்கறேன், எனக்குத் தெரியும். காதே இல்லாத புள்ளைக்கு அதை ஊட்டறேன்னா எப்படிங்க? மத்த நாள் உக்காந்துருவேன். வெள்ளிக்கிழமை முடியலைங்க. திங்கக்கிழமையில இருந்து நாங்க வரலை. கோவிச்சுக்காதீங்க."

மிதுனா கோழியைத் திரும்பவும் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. எவர்சில்வர் வண்டி. ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில்.

"தொறங்கம்மா கேட்டு,
வந்திருக்கு பிளேட்டு,
கம்மியான ரேட்டு,
கனமான வெயிட்டு,
யோசிச்சு நின்னா ஆயிரும் லேட்டு..."

நாச்சிமுத்துவின் குரல். நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

சபுரா என்று ஒரு அம்மா, வாய்த்துடுக்கானவர். "ஏனுங்ணா, போன மாசம் உங்க வண்டியில வாங்குன குண்டாவோட அடி கழண்டுருச்சு," என்றார்.

"குரல்தாங்க என்னுது. குண்டா அவனுது."

"கனமான வெயிட்டுன்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க."

அம்மாக்கள் திரும்பவும் சிரித்தார்கள். வண்டி ஜன்னலை ஒட்டி வந்தது. கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். மிதுனா மட்டும் திரும்பவில்லை. அப்பாவின் குரல் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து, அப்படியே தாண்டிப் போய்விட்டது.

வண்டி போன பிறகு டீச்சர் கேட்டார். "அதுல எவ்வளவு இங்கிலீஷ் இருக்குன்னு தெரியுமாண்ணா?"

"எனக்கெங்கீங்க இங்கிலீஷு. எட்டாவதோட சரி."

"கேட் இங்கிலீஷ். பிளேட் இங்கிலீஷ். ரேட், வெயிட், லேட். அஞ்சும் ஒரே குடும்பம். நான் இங்க தட்டு போட்டு அடுக்கறதை நீங்க தெருத்தெருவா ஓட்டிட்டுப் போறீங்க."

நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. வந்தது போய்விட்டது.

"பாப்பாகிட்ட இதைச் சொல்லியிருக்கீங்களா?" என்றார் டீச்சர்.

"அவளுக்குத்தான் கேக்காதுங்களே."

"வேற என்ன பேசுவீங்க அவகிட்ட?"

நாச்சிமுத்து விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். சாப்பிட வா என்பதற்கு அது. உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்துக் காட்டினார். படு என்பதற்கு அது. அப்புறம் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"வாயைத் தொறந்து?"

"பேசறதில்லைங்க."

"எப்ப இருந்துண்ணா?"

"டெஸ்ட் எடுத்த அன்னைக்கிருந்துங்க. இடி விழுந்தாலும் தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரு." அவர் மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்கு முன்னால ஓயாம பேசுவனுங்க. இவ தொட்டில்ல கெடக்கறப்ப ஒலகத்துல இல்லாத பாட்டெல்லாம் கட்டிப் பாடுவேன். அன்னைக்கு பஸ்ல திரும்பி வர்றப்ப நெனச்சேன், இத்தனை நாளும் சும்மா காத்துகிட்டப் பேசிட்டு இருந்திருக்கேன்னு. வெக்கமாப் போச்சுங்க. அப்புறம் வாய் வரலை."

சபுரா முந்தானையைச் சரி பண்ணுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் எழுந்து போய் ஒரு நாற்காலியை இழுத்து வந்து ஜன்னலுக்கு எதிரே போட்டார்.

"இதுல உக்காருங்க. வெளிச்சம் உங்க மூஞ்சியில விழணும்."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். டீச்சர் மிதுனாவைத் தூக்கி வந்து அவருக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். அவள் கோழியையும் கொண்டுவந்தாள்.

டீச்சர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "மீசை மறைக்குது."

நல்ல பெரிய மீசை. மேல் உதடே தெரியாது.

"மீசையை எடுத்துட்டா கொரலும் போயிருமாங்ணா?" என்றார் சபுரா.

"நீ சும்மா இரு புள்ள," என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து ரெண்டு விரலால் மீசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"இப்ப அந்த வரியைச் சொல்லுங்க. சத்தம் வேண்டாம்."

"சத்தம் இல்லாம என்னத்தைங்க சொல்றது?"

"வாயை மட்டும் அசைங்க."

அவர் அசைத்தார். மைக்கில் போகிற வேகத்திலேயே போனது. கேட்டூ, பிளேட்டூ, ரேட்டூ என்று வரி முடிகிற இடத்தில் எல்லாம் உதடு குவிந்தது. மிதுனா கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குனிந்து கோழியின் கொண்டையை நோண்ட ஆரம்பித்தாள்.

நாச்சிமுத்து மீசையை விட்டுவிட்டார். "பாத்தீங்களா டீச்சர்."

"ஊதறீங்கண்ணா. வெளக்கை அணைக்கிற மாதிரி. மைக்குல இழுத்து இழுத்துப் பழக்கம். வால்ல அந்த ஊ வேண்டாம். கேட். அதோட நிறுத்துங்க. முன்னாடி இருக்கிற தமிழும் வேண்டாம். வரியோட கடைசி வார்த்தையை மட்டும் சொல்லுங்க. மெதுவா."

டீச்சர் கோழியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, மிதுனாவின் தாடையைத் தொட்டு அப்பா பக்கம் திருப்பினார்.

நாச்சிமுத்து மீசையைத் திரும்பத் தூக்கினார்.

இந்த இடத்தில் என் வாயைப் பாருங்க.

கேட். வாய் திறந்து, ரெண்டு பக்கமும் விரிந்து, பல் தெரிந்து, நாக்கு மேலே போய் ஒட்டி நின்றது.

பிளேட். உதடு ரெண்டும் முதலில் மூடிக்கொண்டது. பட்டென்று திறந்தது. விரிந்தது. பல் தெரிந்தது. நின்றது.

ரேட். வெயிட். லேட். ஒன்றுக்கு நாக்கு சுழன்றது. ஒன்றுக்கு உதடு குவிந்தது. எங்கே புறப்பட்டாலும் கடைசியில் அதே விரிப்பில், அதே பல்லில் போய் நின்றது.

சத்தம் இல்லை. தெருவில் சைக்கிள் மணி ஒன்று கேட்டது, அவ்வளவுதான்.

மிதுனா கோழியைத் தேடவில்லை.

"இன்னொரு தடவை," என்றார் டீச்சர்.

அவர் சொன்னார். கேட். பிளேட். ரேட் வரும்போது மிதுனாவின் வாயோரம் லேசாக அசைந்தது. வெயிட்டுக்கு இன்னும் கொஞ்சம். லேட்டுக்கு அப்பாவின் வாயும் மகளின் வாயும் ஒரே நேரத்தில் விரிந்தன.

நாச்சிமுத்து டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், அவ வாயி..."

"என்னைப் பாக்காதீங்கண்ணா. அவளைப் பாருங்க."

அவர் மகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பேசினார். சந்தேகம் அவரை விடவில்லை.

"கேட்டுன்னா என்ன, லேட்டுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியாதேங்க. பொருள் தெரியாம வாயசைச்சு என்ன பிரயோஜனம்?"

"தொட்டில்ல போட்டுப் பாடினீங்களே. எல்லாம் பொருளோடதான் பாடினீங்களா?"

நாச்சிமுத்து வேறு மாதிரி கேட்டார். இப்போது குரல் இறங்கியிருந்தது. கேட்கவே பயந்த மாதிரி இருந்தது.

"நான் செய்யறதைப் பாத்து அப்படியே செய்யறாளா, இல்ல நெசமாவே அந்த ருசி தெரிஞ்சுதான் செய்யறாளா? அதை எப்படிங்க கண்டுபிடிக்கறது? எனக்கு அது தெரிஞ்சா போதும் டீச்சர். வேற ஒண்ணும் வேண்டாம்."

டீச்சர் சொன்னார்: "கடைசி வார்த்தையை மட்டும் சொல்லாம விட்டுருங்க."

நாச்சிமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசையைத் தூக்கிப் பிடித்தார்.

கேட்.

பிளேட்.

ரேட்.

வெயிட்.

அதோடு வாயை மூடிக்கொண்டார். மீசையும் பழையபடி இறங்கி உதட்டை மூடியது.

மிதுனா காத்திருந்தாள். அவர் வாயையே பார்த்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள். திரும்ப வாயைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றாமல் போனவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

முக்காலியை விட்டு இறங்கினாள். அவர் முழங்காலில் கால் வைத்து மடியில் ஏறினாள். மீசையை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, ரெண்டு கட்டை விரலையும் அவர் வாயின் ரெண்டு ஓரத்திலும் வைத்து, பல் தெரிகிற வரைக்கும் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.