ஒரு பலகைத் தண்ணீர்

ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு மணல்மேடு. மேட்டின்மேல் கூரை வேய்ந்த ஒரு சிறு கோயில். அங்கே தங்கியிருந்த சாமியாருக்கு நாற்பது வயதுகூட இராது. அவருடைய ஒரே சீடர் அம்பலவாணருக்கோ அறுபது தாண்டிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் சீடர் காலில் விழுந்து விபூதி கேட்பார்கள். அவர் கூச்சத்தோடு உள்ளே கை காட்டுவார்.

சாமியிடம் வருமுன் அம்பலவாணர் மேலே அணைக்கட்டில் மடை பார்த்தவர். வயலுக்கு வயல் தண்ணீரைப் பங்கிட்டவர். அத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் வசவு வாங்கியதில்லை. அதனால்தான் போன வருஷம் அந்த வழக்கு அவரைத் தேடி வந்தது.

கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் என்றது அணைக்கட்டு ஊர். நல்ல தண்ணீர் வராவிட்டால் உப்பங்கழி செத்துவிடும் என்றது கழிக்கரை ஊர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு அளவு சொல்ல வேண்டும்.

அம்பலவாணர் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். நல்ல மழை பெய்த ஒரு வருஷத்தில் கடலுக்குப் போன தண்ணீர் முழுவதையும் கணக்கில் எடுத்தார். அதில் ஒரு சொட்டுக் குறைக்கவில்லை. வயலுக்கு முறை வைப்பதுபோல, வருஷம் முழுவதற்கும் அதை ஒரே சீராகப் பங்கிட்டார். மடையை அடைக்கும் பலகைகளில் ஒன்று எப்போதும் தூக்கியே இருக்கட்டும் என்றார். மழையானாலும் ஒரு பலகை, வெயிலானாலும் ஒரு பலகை. கேட்ட இரண்டு ஊருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இப்போது ஐப்பசி பிறக்கப் போகிறது. கழியில் இறால் இல்லை.

அணைக்கட்டுச் சபையின் தலைவர் காளத்தி ஆள் அனுப்பியிருந்தார். வந்தவன் அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான்.

"கேட்ட தண்ணியக் கொடுத்தோம். அப்பவும் இறால் வரல. அப்ப தண்ணிக்கும் இறாலுக்கும் சம்பந்தமில்லன்னு ஆயிடுச்சு. நாளைக்கு சபை கூடுது. அந்த ஒரு பலகையையும் இறக்கிடலாம்னு இருக்கோம். வேற அளவு இருந்தா நீங்களே வந்து சொல்லுங்க. இல்லேன்னா இறக்கினது இறக்கினதுதான்."

அம்பலவாணர் கழியைப் பார்க்கப் போனார்.

முகத்துவாரத்தைக் கடல் மணல் போட்டு அடைத்திருந்தது. மேலிருந்து வந்த தண்ணீர் மணலை முட்டிப் பார்க்கத் தெம்பில்லாமல் ஓரமாகத் தேங்கி நின்றது. கரையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கறுத்த சேற்றிலிருந்து கூமுட்டை நாற்றம் வந்தது.

சேற்றுக்குள் செம்மணி நின்றிருந்தாள். கையால் இறால் பிடிக்கிறவள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவுவாள். கை இரண்டும் வேலையில் இருப்பதால், பனையோலைப் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வாள். பிடித்த இறால் அதில் விழும். முன்பெல்லாம் அம்பலவாணர் கரையில் நின்று நலம் விசாரித்தால் பதிலே வராது. கர்வக்காரி என்று நினைத்திருந்தார்.

இன்று அவள் குரல் தூரத்திலேயே கேட்டது.

"வாங்க வாங்க, ஒரு பலகைச் சாமி!"

"என்ன செம்மணி, வேலை நடக்கலையா?"

"நடந்தா உங்ககிட்ட ஏன் பேசிக்கிட்டு நிக்கறேன்? வெறும் பறியக் கடிச்சிக்கிட்டு நின்னா, பசியில ஓலையத் திங்கறான்னு சிரிப்பாங்க."

"தண்ணீர் வந்துகொண்டுதானே இருக்கு?"

"வருது, வருது. கெழவன் மூத்திரம் மாதிரி வருது. உங்களச் சொல்லல, கோவிச்சுக்காதீங்க."

அம்பலவாணர் சேற்றின் ஆழம் பார்க்க ஒரு அடி எடுத்து வைத்தார். கழுத்து வரை உள்ளே போனார். செம்மணி அவர் கக்கத்தில் கை கொடுத்து இழுத்து, கரையில் உட்கார வைத்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பலகையும் போச்சுன்னா, இந்தச் சேத்துல நாங்க எதத் தேடறது ஐயா?"

கழுத்து முதல் கால் வரை கறுப்பாக அவர் மணல்மேட்டுக்குத் திரும்பினார்.

"சாமி, ஒரு கழி உயிரோடிருக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்?"

சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "முதலில் குளியுங்கள். குளிக்க எவ்வளவு வேண்டும்?"

"ஒரு குடம் போதும்."

"போதுமா?"

"தாராளம்."

சாமி கிணற்றிலிருந்து ஒரு குடம் இறைத்து வந்தார். கோயிலுக்குள் லிங்கத்தின் தலைக்குமேல் சொட்டுச் சொட்டாக விழும்படி கட்டியிருந்த தாராபாத்திரத்தை அவிழ்த்து வந்து பூவரசங்கிளையில் தொங்கவிட்டார். குடத்துத் தண்ணீரில் கொஞ்சம் அதில் ஊற்றினார்.

"கீழே நில்லுங்கள்."

அம்பலவாணர் நின்றார். உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பாத்திரம் வற்ற வற்ற சாமி குடத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. தோளிலிருந்த சேறு காய்ந்து வெடித்தது. முதுகு அரித்தது. ஒரு காக்கை கிளையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போயிற்று.

"சாமி, கொஞ்சம் சேர்த்து விடலாமா?"

"ஒரே சீராகத்தான் விழும். ஆனால் ஒரு சொட்டுக் குறையாது."

அம்பலவாணர் அடுத்த சொட்டுக்குத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.

வெயில் தாழ்ந்தபோது சாமி குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

"குளித்தாயிற்றா?"

அம்பலவாணர் குனிந்து தம்மைப் பார்த்துக்கொண்டார். கழுத்திலிருந்து தொப்புள் வரை நாமம் இழுத்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு. மற்றதெல்லாம் சேறு.

"ஒரு குடம் தாராளம் என்றீர்கள்."

"தாராளம்தான் சாமி. ஒரேயடியாக ஊற்றியிருந்தால்."

சாமி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்பலவாணர் கிணற்றுக் கயிற்றைத் தொட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அந்தக் கோலத்திலேயே சபைக்குப் போனார். முன்வரிசையில் இருந்தவர்கள் துண்டால் மூக்கை மூடினார்கள்.

"என்னய்யா இது!" காளத்தி பதறி எழுந்தார். "யாரங்க, ஒரு குடம் தண்ணி கொண்டாங்க!"

குடம் வந்தது. அவரே அதைத் தூக்கினார். "தலையக் குனிங்க."

"இருங்க. அப்படி ஊத்தாதீங்க. பொழுது சாயற வரைக்கும் சொட்டுச் சொட்டா விடுங்க."

"வெளையாடறீங்களா? சொட்டு விட்டா இந்தச் சேறு போகுமா?"

பின்னால் சிலர் சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு இடமாக அடங்கியது. காளத்தி குடத்தை ஏந்தியபடியே நின்றார்.

"அந்த ஒரு பலகைய இறக்கிக்குங்க," என்றார் அம்பலவாணர். "புது வெள்ளம் வரும்போது எல்லாப் பலகையையும் தூக்குங்க."

"வெள்ளத்த விட்டுட்டு நாங்க ஏரிய எதால ரொப்பறது?"

"அதுக்குப் பின்னால வர்றதப் பிடிங்க. கோடையில கழி மெலிஞ்சு கிடக்கும். கிடக்கட்டும். அது அதுக்குப் பழக்கம். முகத்துவார மணல உடைக்க வெள்ளம் மட்டும் ஒரேயடியா வேணும்."

காளத்திக்குக் கை வலித்தது. எதையோ தீர்மானித்தவர்போல, குடத்தை அம்பலவாணர் தலையில் கவிழ்த்தார். சேறு பாளம் பாளமாக வழிந்து சபை நடுவே ஓடியது. உள்ளேயிருந்து அம்பலவாணர் வெளியே வந்தார்.

"சரி, தூக்கறோம்," என்றார் காளத்தி. "ஆனா எப்ப இறக்கறது? கடலு போதும்னு சொல்லுமா? அதுக்கு ஒரு வழி சொன்னாத்தான் இந்தப் பேச்சு நிக்கும்."

அம்பலவாணர் முகத்துத் தண்ணீரை வழித்தார். ஒரு நாள் தவணை கேட்டுக்கொண்டு மணல்மேட்டுக்கு வந்தார்.

சாமி கூரையில் பெயர்ந்த ஓலையைச் செருகிக்கொண்டிருந்தார்.

"சாமி, தூக்கச் சம்மதித்துவிட்டார்கள். எப்போது இறக்குவது என்று கேட்கிறார்கள்."

"செம்மணியைக் கேளுங்கள்."

"போதும் என்று அவள் எப்படிச் சொல்லுவாள் சாமி? பட்டினி கிடந்தவள்."

"சொல்ல வேண்டாம். தினமும் கரையில் நின்று நலம் விசாரியுங்கள்."

"விசாரித்தால்?"

சாமி ஓலையைச் செருகி முடித்துவிட்டு இறங்கினார்.

"அவள் பதில் சொல்லாத அன்று பலகையை இறக்கச் சொல்லுங்கள்."