மார்த்தா வைத்த பெயர்

ஆல்பர்ட் பெல்லுக்கு வயது அறுபத்தாறு. பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்க அவருக்குப் பாடம் சொன்ன எப்சிபா டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் முன்னால் பெல் கைகட்டித்தான் உட்காருவார்.

குன்னூர்க் கிறிஸ்தவக் கோயிலின் ஆபீஸ் அறையில் டீச்சரின் கம்ப்யூட்டர் இருந்தது. இங்கிலாந்தில் பெல்லின் முன்னோர் வாழ்ந்த ஒரு சின்ன ஊர்க் கோயிலின் பழைய பதிவேடுகள் அதில் படம் படமாக இருந்தன. எல்லாம் கோழி கிளறின மாதிரி கையெழுத்து. டீச்சர் இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் காய்ச்சல்காரப் பிள்ளையின் முகத்தைத் தாய் பார்க்கிற பொறுமையோடு ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பார்.

பெல் வந்தது ஒரு பெயருக்காக. அவர் மகள் ஷெர்லி, வம்சத்தில் முதன்முதல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தவரின் நினைவாகத் தன் தலைப்பிள்ளைக்குத் தாமஸ் என்று பேர் வைத்தாள். நாற்பதாம் நாள் கர்த்தர் எடுத்துக்கொண்டார். இப்போது அடுத்த மகன் பிறந்திருக்கிறான். வருகிற ஞாயிறு ஞானஸ்நானம். இவனுக்கும் தாமஸ்தான் என்று ஒரே பிடியாக நின்றாள்.

"போன பிள்ளை பேரா? நான் உயிரோட இருக்கிறவரைக்கும் நடக்காது" என்று சொல்லிவிட்டு, மூதாதைகளில் வேறு நல்ல பேர் தேடிக் கிளம்பி வந்துவிட்டார் பெல்.

வெள்ளிக்கிழமை, ஞானஸ்நான ஏட்டைப் படித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"இந்தக் கூத்தைப் பாருங்க டீச்சர். கொத்தனார் வில்லியம் பெல், மனைவி மார்த்தா, மகன் தாமஸ். 1788. மறுபடி 1790. மறுபடி 1793. எழுதினவனுக்குத் தூக்கக் கலக்கம்போல. ஒரே பிள்ளைக்கு மூணு தரம் தண்ணி தெளிச்சிருக்கான்."

"அடக்கப் புத்தகம் பார்த்தீங்களா, ஐயா?"

"பேர் தேட வந்தவனுக்குக் கல்லறைக் கணக்கு எதுக்கு?"

டீச்சர் அந்த ஏட்டைத் திறந்துவைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டு அவருக்கு வழிவிட்டார்.

பெல் விரல் வைத்துப் படித்தார்.

1788 டிசம்பர். தாமஸ், வில்லியம் மார்த்தாவின் கைக்குழந்தை.

1791 பிப்ரவரி. தாமஸ், வில்லியம் மார்த்தாவின் கைக்குழந்தை.

அப்புறம் கடைசிப் பக்கம்வரை தேடினார். மூன்றாவது தாமஸ் அதில் இல்லை. அவன்தான் பட்டாளத்தில் சேர்ந்து மதராசுக்குக் கப்பலேறியவன்.

பெல் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"எங்க அம்மா பக்கத்துல பிள்ளை தங்கலேன்னா பிச்சை, குப்பைன்னு பேர் வைப்பாங்க. எமனே முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவானாம். இந்த மார்த்தா என்ன மனுஷி? அதே பேரை மூணாந்தரமும் வைக்க எப்படி மனசு வந்துச்சு, டீச்சர்?"

"அது இந்த ஏட்டுல எழுதலே, ஐயா" என்றார் எப்சிபா டீச்சர். "கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னா மார்த்தாவும் இல்லே. உங்க வீட்ல ஷெர்லி இருக்கா."